சனி ஞாயிறு கடலுக்குப் போகலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன இதழில் சென்னைப் பக்கத்துக் கோவளத்திலிருந்து ஃபைபர் படகில் போய் சங்கரா மீன் பிடித்ததைப் பத்து வரி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கேள்விகளால் இந்த முறை பகுதி முழுக்கக் கடலாகவே ஆகிவிட்டது. ஒரே மாதிரி கேட்டவர்களைச் சேர்த்துவிட்டேன்.

நாங்கள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் நான்கு நண்பர்கள். குளத்திலும் அணையிலும் தூண்டில் போட்டுப் பழக்கம் உண்டு, கடலுக்குள் போனதே இல்லை. ஒரு சனி ஞாயிறில் சின்னப் படகில் போய் மீன் பிடிக்க வேண்டும். எங்கே, எந்த மாதம், எப்படி?

முதலில் மாதம். சென்னை முதல் நாகை வரைக்குமான கரையில் எனக்குப் பிடித்தது பிப்ரவரியும் மார்ச்சும். வாடைக்காற்று அடங்கியிருக்கும், தண்ணீர் தெளிந்திருக்கும், காலை பத்து மணி வரை கடல் படுத்துக் கிடக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேண்டாம், அது மழையும் புயலும் கடலை ஆளும் காலம். ஜூன், ஜூலையில் கச்சான் என்கிற மேல்காற்று அடித்தாலும் விடியற்காலையில் போய் சீக்கிரம் திரும்புகிறவர்கள் உண்டு, ஆனால் முதல் முறை போகிற உங்களுக்கு அது தேவையில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகளுக்குத்தான் அந்தத் தடை, சின்னப் படகுகள் போகலாம். ஆனால் பெரிய படகுகள் நிற்கிற அந்த 61 நாள்தான் சின்னப் படகுக்காரர் நாலு காசு பார்க்கிற காலம், அப்போது போய் "எங்களை ஏற்றிக்கொள்ளுங்கள்" என்று அவர் நேரத்தைக் கேட்காதீர்கள்.

அடுத்து நாள். நிறையப் பேர் செய்கிற தவறு இது: சனியும் கடல், ஞாயிறும் கடல் என்று திட்டம் போட்டுக்கொண்டு வருவது. இரண்டு நாளில் ஒரு நாள்தான் கடல், இன்னொன்றைக் கையிருப்பாக வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளி இரவு பேருந்தில் தூங்காமல் வந்து, நாலு மணிக்கு இறங்கி, ஐந்து மணிக்குப் படகு ஏறினால் ஆறு மணிக்கு நால்வரில் மூவர் படகின் விளிம்பில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டிருப்பீர்கள். வெள்ளிக்கிழமை விடுப்பு எடுக்க முடிந்தால் எடுங்கள். முடியாவிட்டால் சனிக்கிழமை பகலில் வந்து கரையில் உட்கார்ந்து, படகுகள் திரும்பி வருவதையும் அலையைத் தாண்டும் விதத்தையும் பாருங்கள், சாயங்காலம் படகுக்காரரிடம் பேசுங்கள், சீக்கிரம் தூங்குங்கள், ஞாயிறு விடியலில் கிளம்புங்கள்.

எல்லா ஊரிலும் ஞாயிறு கிடைக்காது. தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பக்கம் கத்தோலிக்கக் கடற்கரைக் கிராமங்கள் பலவற்றில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போக மாட்டார்கள், அன்று கோயிலும் குடும்பமும்தான். ராமேசுவரம் பக்கமோ விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். அந்தந்த ஊர் வழக்கத்தைக் கேட்டுவிட்டுத்தான் ரயில் டிக்கெட் எடுக்க வேண்டும்.

இடம் என்று கேட்டால், எனக்குப் பழக்கமான கோவளம், மாமல்லபுரம் பக்கத்தையே சொல்வேன். அங்கே கரையிலிருந்து எட்டிப்பிடிக்கிற தூரத்தில் கடலடியில் பார்கள் இருக்கின்றன. பார் என்றால் நீருக்குள் இருக்கும் பாறைத்திட்டு, வலை விட்டால் கிழிந்துவிடும், அதனால் அது தூண்டில்காரர்களுக்கென்றே விட்டு வைத்த இடம் மாதிரி. தமிழகக் கரையில் பல இடங்களில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் கான்கிரீட் கட்டுமானங்களை இறக்கிச் செயற்கைப் பார்களையும் உண்டாக்கியிருக்கிறது. சங்கரா, களவா, பாறை மீன், விளமீன் எல்லாம் அங்கே கூடும். நீங்கள் பத்துக் கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டிய அவசியமே இல்லை.

படகுக்காரரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதைத்தான் நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன். "எவ்வளவு மீன் கிடைக்கும்" என்று கேட்காதீர்கள். "எப்போதெல்லாம் போக மாட்டீர்கள்" என்று கேளுங்கள். அதற்கு யோசித்து, நிதானமாக, காற்று இப்படி இருந்தால் போக மாட்டேன், அலைவாயில் (கரையை ஒட்டி அலை உடைகிற இடத்தில்) இத்தனை அலை உடைந்தால் போக மாட்டேன் என்று பதில் சொல்கிறவர் கிடைத்தால் அவரை விடாதீர்கள். "நீங்க வாங்க சார், பாத்துக்கலாம்" என்று மட்டும் சொல்கிறவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் முதல் பயணத்துக்கு வேண்டாம். பிறகு, மீன்பிடிப் படகு மீன் பிடிப்பதற்காகப் பதிவு செய்யப்பட்டது. வெளியாட்களை ஏற்ற அனுமதி இருக்கிறதா, கடலோரக் காவல் நிலையத்தில் சொல்ல வேண்டுமா என்பதை முன்கூட்டியே கேட்டு முடித்துவிடுங்கள். டீசல், ஐஸ், இரை, கூட வரும் ஆளுக்குக் கூலி எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று கரையிலேயே பேசிவிடுங்கள், கடலுக்குள் போய்ப் பேரம் பேசுவது அசிங்கம்.

லைஃப் ஜாக்கெட் ஆளுக்கொன்று. படகில் கிடந்தால் போதாது, கிளம்பும்போதே உடம்பில் மாட்டியிருக்க வேண்டும். 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் மீன்பிடிப் படகு கவிழ்ந்து உல்லாசப் பயணம் வந்த 22 பேர் இறந்துபோனார்கள், லைஃப் ஜாக்கெட் இல்லை. அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து ஜாக்கெட் போடாத ஆளோடு நான் படகில் ஏறுவதில்லை, அவர் எவ்வளவு பெரிய நீச்சல்காரராக இருந்தாலும் சரி. சின்னப் படகுப் பயணத்தில் நான் அதிகம் பயப்படுவது ஆழ்கடலை அல்ல, கரையை ஒட்டி அலை உடைகிற முதல் நூறு மீட்டரை. போகும்போதும் வரும்போதும் அங்கே யாரும் எழுந்து நிற்கக் கூடாது, செல்போனில் படம் எடுக்கக் கூடாது, படகுக்காரர் "உக்காருங்க" என்றால் அந்த நொடியே உட்கார வேண்டும்.

கையில் நல்ல ரீல், ராடு இருக்கிறது. படகுக்காரரோ கைத்தூண்டிலே போதும் என்கிறார். எது சரி? (சேலம்)

அவர் சொல்வதுதான் சரி, குறைந்தது முதல் நாளுக்கு.

பாரின் மேல் நங்கூரம் போட்டுக் கீழே இறக்குவதற்குக் கைத்தூண்டிலை மிஞ்சியது இல்லை. ஒரு கட்டையில் சுற்றிய தங்கூசு என்கிற நைலான் நூல், நுனியில் ஈயக்குண்டு, அதற்கு மேல் இரண்டு தூண்டில் முள், அவ்வளவுதான். ஈயம் தரையைத் தொட்டதும் ஒரு முழம் தூக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் பாரில் மாட்டிக்கொள்ளும். ஆட்காட்டி விரலின் மேல் நூல் கிடக்கட்டும். சின்ன மீன் கொத்தினால் டிக் டிக்கென்று தட்டும், சங்கரா இழுத்துவிட்டு விட்டுவிடும், களவா கவ்வினால் யாரோ கீழேயிருந்து துணியைப் பிடித்து இழுப்பது போலக் கனமாகப் போகும். அந்தக் களவாவை முதல் இரண்டு மூன்று பாகம் (இரு கையையும் விரித்த நீளம் ஒரு பாகம்) வேகமாக மேலே கொண்டு வந்துவிட வேண்டும், விட்டால் பொந்துக்குள் புகுந்துகொண்டு வராது. இதையெல்லாம் விரல்தான் கற்றுக்கொடுக்கும், ராடு அந்த அளவுக்குச் சொல்லாது.

விரலில் பழைய சைக்கிள் ட்யூபை வளையமாக வெட்டி மாட்டிக்கொள்ளுங்கள், தங்கூசு அறுக்கும். எந்தக் காரணத்துக்காகவும் நூலைக் கையில் சுற்றிக் கட்டாதீர்கள். பத்துக் கிலோ பாறை மீன் ஒன்று ஓட ஆரம்பித்தால் சுற்றிய நூல் விரலை என்ன செய்யும் என்று நான் விவரிக்க வேண்டியதில்லை.

உங்கள் ரீலுக்கும் வேலை இருக்கிறது. திரும்பி வரும்போது படகை மெதுவாக ஓட்டச் சொல்லி, பின்னால் செயற்கை மீனை இழுத்து வாருங்கள். வஞ்சிரம், சூரை, ஷீலா எல்லாம் ஓடுகிற இரையைத் துரத்துகிறவை. வஞ்சிரத்துக்கும் ஷீலாவுக்கும் பல் கத்தி மாதிரி, அதனால் முள்ளுக்கு மேலே ஒரு சாண் கம்பி வேண்டும். (ஊர் மாறினால் பெயரும் மாறும், குழம்பிவிடாதீர்கள். சென்னையில் ஷீலா என்பது ஊளி மீன், தூத்துக்குடியில் சீலா என்றால் நம் வஞ்சிரம், யாழ்ப்பாணத்தில் அதே வஞ்சிரம் அறுக்குளா.)

இரைக்கு இறால், கணவாய்த் துண்டு, மத்தி. அன்று காலை பிடித்த கணவாயாக இருந்தால் உத்தமம், அது முள்ளில் உறுதியாக நிற்கும், சின்ன மீன்கள் கொத்திக் கொத்தித் தின்றுவிட முடியாது.

என் கணவருக்கு மலைப்பாதையில் காரில் போனாலே வாந்தி. கடலுக்குப் போயே தீருவேன் என்கிறார். ஏதாவது வழி உண்டா? (ஈரோடு)

உண்டு, ஆனால் முழு உத்தரவாதம் இல்லை. பயண வாந்திக்கான மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு, படகு ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். வாந்தி ஆரம்பித்த பிறகு போட்டால் அது வயிற்றில் நிற்காது. தூக்கம் வரவைக்கும், அதனால் அன்று அவர் வண்டி ஓட்ட வேண்டாம். வெறும் வயிற்றோடு போகக் கூடாது, இரண்டு இட்லி போதும், எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம். அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், உட்காரக் கூடாது, அங்கேதான் ஆட்டம் அதிகம். நடுவிலும் கொஞ்சம் பின்னாலும் உட்கார்ந்து, இஞ்சின் புகை மூஞ்சியில் அடிக்காத பக்கமாகத் திரும்பி, தொடுவானத்தையோ கரையையோ பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். குனிந்து முள்ளில் இரை கோர்ப்பதுதான் மிக மோசம், அதை வேறு யாராவது செய்து கொடுக்கட்டும்.

படகு ஓடும்போது தாங்கிக்கொள்கிறவர்கள் கூட நங்கூரம் போட்டு நின்றதும் சுருண்டுவிடுவார்கள். அப்படி ஆனால் மற்றவர்கள் முகம் சுளிக்காமல் நங்கூரத்தை எடுத்துவிட்டுக் கரைக்குத் திரும்ப வேண்டும் என்று முதல் நாளே எல்லோரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

எட்டு வயது மகனை அழைத்துப் போகலாமா? (காஞ்சிபுரம்)

அவன் அளவுக்குச் சரியாகப் பொருந்தும் லைஃப் ஜாக்கெட் இல்லாமல் கூடாது. பெரியவர்களுடையது தண்ணீரில் தலை வழியாகக் கழன்றுவிடும். முதலில் முட்டுக்காடு மாதிரி அலை இல்லாத கழிமுகத்தில் ஒரு முறை அழைத்துப் போய்ப் பாருங்கள்.

முன்பணம் கொடுத்து, விடுப்பு எடுத்து, ஆறு பேர் கோவை, மதுரையிலிருந்தெல்லாம் வந்து சேர்ந்தோம். காலை நாலரைக்குப் படகுக்காரர் "இன்னிக்கு வேணாம்" என்று சொல்லிவிட்டார். வானம் சுத்தமாக இருந்தது, காற்றே இல்லை. மறுநாளும் போகவில்லை. பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார் என்றாலும் ஏமாற்றப்பட்டதாகவே உணர்கிறோம். நீங்கள் அவர் பக்கம் பேசுவீர்கள் என்று தெரியும், இருந்தாலும் கேட்கிறேன். (மதுரை)

ஆமாம், அவர் பக்கம்தான். ஏன் என்று சொல்கிறேன்.

காற்று இல்லை என்பதால் கடல் அமைதி என்று ஆகாது. நம் கரையில் காற்றே அடிக்காமல் பெரிய அலை எழும்பும் நாட்கள் உண்டு, ஏப்ரல், மே மாதங்களில் அதிகம். தெற்கே பல ஆயிரம் கிலோமீட்டர் தாண்டி இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் வீசும் புயல்கள் தள்ளிவிடுகிற அலைகள் நாள் கணக்கில் பயணம் செய்து இங்கே வந்து சேரும். கேரளக் கரையிலும் குமரிப் பக்கத்திலும் இதைக் கள்ளக்கடல் என்பார்கள், கள்ளன் மாதிரி சொல்லாமல் வருவதால். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை ஒன்றில் பயிற்சி மருத்துவர்கள் 5 பேரை அலை இழுத்துக்கொண்டு போனது அப்படிப்பட்ட நாளில்தான். ஐதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனம் இந்த அலைகளுக்கு முன்னறிவிப்பு வெளியிடுகிறது, வானிலை மையம் மீனவர் எச்சரிக்கை விடுகிறது. உங்கள் படகுக்காரர் அதைப் பார்த்திருக்கலாம், அல்லது அலைவாயின் சத்தத்திலேயே கண்டுபிடித்திருக்கலாம்.

அவருடைய நஷ்டத்தை யோசித்துப் பாருங்கள். அன்றைக்கு உங்களிடமிருந்து அவருக்கு வர வேண்டிய பணம் போச்சு, உங்களுக்காக ஒதுக்கி வைத்ததால் சொந்த மீன்பிடியும் போச்சு. அதையும் விட்டுக்கொடுத்துவிட்டு வேண்டாம் என்று சொன்னவர் எப்படி ஏமாற்றுக்காரர் ஆவார்?

எனக்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். சில வருடம் முன்பு மாமா பையனையும் கூட்டிக்கொண்டு வழக்கமான படகுக்கார அண்ணனோடு போயிருந்தேன். கரையில் தெரிகிற ஒரு தண்ணீர்த் தொட்டியையும் அதற்குப் பின்னால் ஒரு பனங்கூட்டத்தையும் ஒரே நேர்க்கோட்டில் கொண்டு வந்து, தெற்கே மாமல்லபுரம் கலங்கரை விளக்கத்தை இன்னொரு மரத்தோடு சேர்த்துப் பார்த்து, ஜிபிஎஸ் கருவி சட்டைப்பையில் இருந்தும் அதை எடுக்காமலேயே பாரின் மேல் கொண்டு போய் நிறுத்தினார். நல்ல மீன். எட்டு மணிக்குள் சங்கரா மட்டும் இருபதுக்கு மேல் ஏறிவிட்டது. ஒன்பதரைக்குக் கொண்டல் என்கிற கீழ்க்காற்று எழும்பியது, கிளம்பலாம் என்று நங்கூரத்தை இழுத்தார், வரவில்லை, பாரில் மாட்டிக்கொண்டது. இஞ்சினைப் போட்டு முன்னால் போய்ப் பார்த்தார், அதுவும் நடக்கவில்லை. அதற்குள் அலை கொஞ்சம் பெரிசாகி, கயிறு விறைத்து, ஒவ்வொரு அலைக்கும் அணியத்தைக் கீழே இழுக்க ஆரம்பித்தது. மூன்றாவது அலையில் தண்ணீர் உள்ளே வந்தது. அண்ணன் ஒரு வார்த்தை பேசவில்லை, கத்தியை எடுத்து ஒரே வெட்டு. நங்கூரமும் கயிறும் கடலோடு போய்விட்டது, படகு துள்ளி நிமிர்ந்தது.

திரும்பும்போது பாதி விலையாவது நான் தருகிறேன் என்றேன். "நங்கூரம் வாங்கிக்கலாம் தம்பி, நீங்க பையைப் புடிச்சிக்கிட்டு உக்காருங்க" என்றார். அந்தக் கயிறு அவருக்கு ஒரு வார வருமானம். அதை வெட்ட அவர் யோசித்திருந்தால், இன்னும் இரண்டு முறை இழுத்துப் பார்ப்போம் என்று நினைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் சில இரவுகளில் நினைத்துக்கொள்வேன். நான் கடலில் நம்புவது அந்தக் கையைத்தான். உங்களிடம் "வேணாம்" என்று சொன்னவரும் அதே ரகம் என்றே எனக்குத் தோன்றுகிறது. அவர் நம்பரை அழித்துவிடாதீர்கள், பிப்ரவரியில் கூப்பிடுங்கள்.

மண்டபம் பக்கம் தீவுகளுக்குப் படகில் போய், இறங்கி, தூண்டில் போட ஆசை. (திண்டுக்கல்)

கூடாது. மன்னார் வளைகுடாவின் அந்த 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா, அனுமதி இல்லாமல் இறங்குவதே குற்றம். வடக்கே பாக் நீரிணைப் பக்கமோ எல்லைக்கோடு மிக அருகில், அங்கே பொழுதுபோக்குக்காகத் தூண்டில் போட்டுத் திசை தவறினால் சிறைவரைக்கும் போகும், பாவம் படகுக்காரர் படகையும் இழப்பார்.

பிடித்த மீனில் எதைத் தின்னலாம், எதைத் தொடக் கூடாது? முள் குத்தினால் என்ன செய்வது? (விழுப்புரம், கரூர்)

பேத்தை வந்தால் கடலிலேயே விட்டுவிடுங்கள். பந்து மாதிரி உப்பும், குழந்தைகளுக்குப் பிடிக்கும், ஆனால் அதன் ஈரலிலும் சினையிலும் தோலிலும் உள்ள விஷம் எவ்வளவு வேகவைத்தாலும் போகாது. கெளுத்தியின் முள், திருக்கையின் வால் முள், சிறகு விரித்த சிங்கமீனின் முள் மூன்றும் கடுமையாக வலிக்கும். குத்திவிட்டால் பொறுக்கக்கூடிய சூட்டில், 45 டிகிரிக்கு மிஞ்சாமல், வெந்நீரில் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் முக்கி வையுங்கள், வலி நன்றாகக் குறையும். அதற்காகவே ஒரு ஃப்ளாஸ்கில் வெந்நீர் எடுத்துப் போவது என் பழக்கம். அப்புறம் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள், முள் உள்ளே ஒடிந்திருக்கலாம். திருக்கை வயிற்றிலோ மார்பிலோ குத்தினால் வெந்நீருக்கெல்லாம் நிற்காதீர்கள், உடனே கரை.

கடலில் யாருக்காவது ஆபத்து என்றால் கடலோரக் காவல்படையின் எண் 1554. செல்போனில் பதிந்து, போனை பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொள்ளுங்கள்.

ஜனவரி முதல் மார்ச் வரை சென்னைக் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் காலம். மூச்சு வாங்க மேலே வரும், படகை மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள். தூண்டிலில் மாட்டிவிட்டால் படகில் தூக்கிப் போட்டுப் படம் எடுக்காமல், முள்ளுக்கு மிக அருகே நூலை வெட்டி விட்டுவிடுங்கள். கைக்குள் அடங்குகிற சின்னக் களவாவையும் அப்படியே விடுங்கள், அது வளர வருடங்கள் ஆகும்.

மீனை வீடு வரைக்கும் கெடாமல் எப்படிக் கொண்டு வருவது? (திருப்பூர் நண்பர்களின் இரண்டாவது கேள்வி)

மீன் எவ்வளவு எடையோ அவ்வளவு எடைக்கு ஐஸ். நம் வெயிலுக்கு அதற்குக் குறைந்தால் போதாது. பிடித்த உடனே பெட்டிக்குள் போக வேண்டும், படகின் தரையில் வெயிலில் கிடந்துவிட்டுக் கரைக்கு வந்த பிறகு ஐஸ் போடுவதில் பயன் இல்லை. சூரை, கானாங்கத்தை, வஞ்சிரம் மூன்றிலும் இன்னும் கவனம், சூட்டில் கிடந்தால் அவற்றின் சதையில் ஒவ்வாமை உண்டாக்கும் பொருள் உருவாகிவிடும், பார்வைக்கு நன்றாகவே இருக்கும், சமைத்தாலும் போகாது, சாப்பிட்டால் முகம் சிவந்து தலைவலி வரும். குடலையும் செவுளையும் கரையிலேயே எடுத்துவிடுங்கள். உருகிய தண்ணீர் வடிய பெட்டியின் அடியில் வழி இருக்கட்டும்.

ஆனால் எல்லாவற்றையும் திருப்பூருக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். பெரிய மீன் ஒன்றைப் படகுக்காரர் வீட்டுக்கு என்று முதலிலேயே ஒதுக்குங்கள், கூட வந்த ஆளுக்கும் ஒரு பங்கு. சின்னச் சங்கராவாகப் பொறுக்கி, காசு கொடுத்து, அங்கேயே யாராவது ஒரு அக்காவிடம் குழம்பு வைத்துத் தரச் சொல்லுங்கள். கோவளத்தில் நான் சாப்பிட்டதில் புளியும் மிளகாயும் மல்லியும் தவிர அதிகம் எதுவும் இருக்காது, தேங்காய் கூட இல்லை. பதினோரு மணி வெயிலில் உப்புத் தண்ணீர் காய்ந்த கையோடு உட்கார்ந்து, சுடுசோற்றில் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, மூன்று மணி பேருந்தைப் பிடியுங்கள்.